ஐஸ் காக்காவின் ஹீட்டர்

1. ஐஸ் காக்கா தன் காருக்கு ஹீட்டர் பூட்டினார்.
2. ஹீட்டர் வேலை செய்தது.
3. வேலை செய்ததை நிறுத்த முடியவில்லை.
4. உள்ளே மாப்பிள்ளை இருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். கல்முனையில் யாரைக் கேட்டாலும் நான்காவதில் தொடங்கி அங்கேயே சிரித்து முடித்துவிடுவார்கள். நான் முதலாவதிலிருந்து சொல்கிறேன். அந்த ஹீட்டரின் வரைபடத்தைக் கீறியது நான்.

இந்தக் கடற்கரையில் காருக்குள் சூடு போதவில்லை என்று நினைத்த முதல் மனிதர் ஐஸ் காக்கா. இரண்டாவது மனிதர் இன்னும் பிறக்கவில்லை. வெயில் காலத்தில் தார் வீதி செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஊர் இது. அந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு, மப்ளரால் காதை மூடி, தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர் அவர். முப்பது வருடமாக ஐஸ் பெக்டரி நடத்துகிறார். கடலுக்குப் போகும் படகுகளில் பாதிக்கு அவருடைய ஐஸ்தான். மீன் கெடவில்லை, குளிர் முழுவதும் காக்காவின் எலும்பில் ஏறிவிட்டது. அவருக்கென்று ஒரு பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. மற்றபடி பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் அவருக்கு மூத்தவர்கள் வரை எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

அந்தப் பெக்டரியில் நான் இயந்திரப் பொறியியலாளர். கம்பிரசரின் அழுத்தம், எண்ணெய், வெப்பநிலை மூன்றையும் மணிக்கொரு தடவை கொப்பியில் எழுதுவேன். காக்கா என்னை ‘இஞ்சினியர் புள்ள’ என்பார்.

காக்கா எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். மற்றவர்கள் பிஸ்கட் பெட்டியோ வாழைப்பழமோ கொண்டு போவார்கள். இவர் ஐஸ் கொண்டு போவார். சுன்னத்துக் கலியாணமா, ஐஸ். புது வீட்டுக்குக் குடிபோகிறார்களா, ஐஸ். நோயாளியைப் பார்க்கப் போனாலும் ஐஸ்தான். காய்ச்சல் என்றால் பொருந்தும், சளித் தடிமன் என்றால் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிக் கிணற்றடியில் வைப்பார்கள். ஒருமுறை ஒரு அரசாங்கக் கந்தோரில் தன் கோப்பு நகரவில்லை என்று எழுதுவினைஞரின் மேசையில் அரைக் கட்டி ஐஸை வைத்துவிட்டு வந்தார். பின்னேரத்துக்குள் கோப்பு மிதந்து அடுத்த மேசைக்குப் போயிருந்தது.

இனி கார். பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு சீட், எஞ்சின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டிலில், கோழிகள் குடியிருந்த நிலையில் வாங்கி வந்தார். எஞ்சினைக் காற்றே குளிர வைக்கும், ரேடியேட்டர் கிடையாது. பெற்றோல் அடிக்கும் இடத்தில் தண்ணி பார்க்கவா என்று கேட்டால் காக்காவின் முகம் மலரும். “இது வருசம் முழுக்க நோன்பு பிடிக்கிற வாகனம்” என்பார்.

அதன் ஒரே குறை முன்கண்ணாடி. அது மங்கும். காக்கா ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் லேஞ்சியுமாகத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார். அதுவும் போதாதபோது தலையை யன்னலால் வெளியே நீட்டுவார். தூரத்தில் வரும் அந்தக் காரை ஊர் அடையாளம் காண்பது நிறத்தால் அல்ல, வெளியே நீளும் தலையால். நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அவர் மனைவி அதில் ஏறுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், “மனிசன்ட தல வெளிய, நான் மட்டும் உள்ளுக்க என்னத்துக்கு?” என்பார்.

இப்படி இருக்கும்போது மகள் ஷிபானாவுக்குச் சவளக்கடை என்ற ஊரிலிருந்து சம்பந்தம் வந்தது. பேசி முடிக்கக் காக்கா அந்தக் காரிலேயே போனார். மழை நாள். கண்ணாடி மங்கியது. தலையை நீட்டினார், மழை கண்ணை மூடியது. மாப்பிள்ளை வீட்டுக் கேற் என்று நினைத்துத் திருப்பிய இடத்தில் வாய்க்கால் இருந்தது. காரின் மூக்கு தண்ணீருக்குள், பின்பக்கம் வீதியில். காக்கா இறங்கினார், எல்லோருக்கும் ஸலாம் சொன்னார், சேற்றில் நின்றபடியே முன்மூடியைத் திறந்து ஐஸ் கட்டியைத் தூக்கி மாப்பிள்ளையின் உம்மாவிடம் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் பெரிய மாமா நிறைய வயல் உள்ளவர். ஊருக்கு அவர் போடியார். அவர் வாய்க்காலையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காக்கா, நீங்க ரோட்டப் பார்த்து ஓட்டினீங்களா, மூக்கால மணந்து பார்த்து ஓட்டினீங்களா?”

சம்பந்தம் முடிவாயிற்று. கார்தான் முடிவாகவில்லை. பெண்ணின் சகோதரன் போய் மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். ஷிபானாவுக்குக் காக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. சகோதர முறையான சாச்சா மகன்மார் மூன்று பேர் தயாராக இருந்தார்கள். ஐஸ் காக்கா சம்மதிக்கவில்லை. தானே போவதாகவும் அந்தக் காரிலேயே போவதாகவும் சொன்னார். போடியார் ஒரு நிபந்தனை வைத்தார்: மாப்பிள்ளை ஏறுவதற்கு முன் கண்ணாடியில் ரோட்டைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் தங்கள் வேனில் வருவார்கள்.

வேனில் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் ராத்தாவிடம் கேட்டேன். ராத்தா வழமைபோல் பகிடி விடவில்லை. ஷிபானா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உன் மாப்பிள்ளையைக் கூட்டி வர ஆள் இல்லையே என்று சொந்தக்காரப் பிள்ளைகள் அழ வைத்திருக்கிறார்கள். காக்கா அவளைத் தூக்கிக் காரின் மேல் உட்கார வைத்து, “அழாத மகள். உனக்குக் காக்கா இல்லாட்டி என்ன, வாப்பாவும் காரும் இரிக்கம்” என்றாராம்.

அதற்குப் பிறகு நான் வேன் பற்றிப் பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் காக்கா பெக்டரிக்கு வந்து காருக்கு ஹீட்டர் வைக்க வேண்டும் என்றார். சூடான காற்றைக் கண்ணாடிக்கு ஊதினால் மங்கல் போகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஐஸ் அடிக்கிறவர் ஹீட்டர் அடிக்கப் போகிறாராம் என்று பெக்டரி முழுவதும் சிரித்தது. காக்கா அசையவில்லை.

“குளிர் எண்டு ஒரு சாமான் இல்ல. உள்ளுக்க இரிக்கிற சூட்ட எடுத்து வெளிய கொட்டுறம், அவ்வளவுதான். முப்பது வருசமா வெளிய கொட்டின ஆள் நான். கொஞ்சத்தக் காருக்குள்ள கொட்ட ஏலாதா?”

நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நான் கொப்பியைத் திறந்து முறையாகக் கேள்வி கேட்டேன். கண்ணாடி எப்போது மங்குகிறது? “ஆர்டயாவது வீட்டுக்குப் போகக்குள்ள.” பெக்டரிக்கு வரும்போது? “இல்ல.” நான் எழுதினேன்: தூரம் கூடினால் மூச்சின் ஈரம் கூடும்; அதனால் மங்குகிறது. கீழே இரண்டு கோடும் போட்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. மனிதருக்கு அடக்கம் வர ஏதாவது ஒன்று வேண்டும்.

காற்றால் குளிரும் எஞ்சினில் ஹீட்டருக்குச் சூடு வரும் இடம் புகைக்குழாய். குழாயைச் சுற்றி ஒரு தகர உறை, எஞ்சின் விசிறியின் காற்று அந்த உறைக்குள். சூடேறிய காற்று அடிக்குழாய் வழியாகக் கண்ணாடிக்கும் காலடிக்கும். இந்தக் காரில் முன்பிருந்த உறைகள் துருவாகி உதிர்ந்துவிட்டன. காக்கா ஐஸ் வார்க்கும் பழைய தகரங்களை வெட்டுவோம் என்றார். நான் மறுத்தேன். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் உரிந்தால் அந்தப் புகை நேரே உள்ளே வரும். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை கழித்துவிட்ட தேத்தண்ணி பொயிலரை வாங்கி, அதன் துருப்பிடிக்காத தகட்டில் உறை செய்தோம். எஞ்சின் புகை ஹீட்டர் காற்றோடு ஒரு துளியும் கலக்கக்கூடாது என்பதால், உறைக்குள் சாம்பிராணிப் புகையை ஊதி எங்கே கசிகிறது என்று பார்த்தேன். மூன்று இடத்தில் கசிந்தது. மூன்றையும் ஒட்ட வைத்தேன். ஒரு கிழமைக்குக் கார் மௌலூது ஓதிய வீடு போல மணந்தது.

சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு கதவு, அதை இழுக்க மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள். கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கதவு மூடிக்கொண்டால் கண்ணாடி மங்கும், பார்வை போகும். ஆகவே அறுந்தால் கதவு முழுதாகத் திறக்கும்படி ஒரு ஸ்பிரிங் வைத்தேன். இன்று யார் கேட்டாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

சோதனைக்குக் கொதிக்கும் கேத்தலைக் காருக்குள் வைத்து, கண்ணாடி வெள்ளையாகும்வரை பொறுத்து, ஹீட்டரைத் திறந்தோம். நான்கு நிமிடத்தில் கண்ணாடி துலங்கியது. ஐந்து தடவை செய்தேன், ஐந்தும் சரி. காக்கா சோதனை முடிந்த பிறகும் இறங்கவில்லை. கம்பளிச் சட்டையோடு கண்ணை மூடி உள்ளேயே இருந்தார். சுகம் என்றார்.

கலியாண நாளன்று மழை. காக்கா காரில் முன்னால், நான் கருவிப் பையோடு பின்னால் ஒரு வேனில். சவளக்கடையில் போடியார் குடையோடு வந்து குனிந்து முன்கண்ணாடியைப் பார்த்தார். பளிங்கு போல இருந்தது. தலையாட்டினார். என்னைப் பெண்கள் தங்களோடு உள்ளே இழுத்துப்போய்ச் சாப்பிட வட்டிலப்பம் தந்தார்கள். அதனால் காக்கா காரின் முன்மூடியைத் திறந்து மூடியதை நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது உள்ளே நடந்ததைப் பிறகு மாப்பிள்ளையே சொன்னார். அவர் கணித ஆசிரியர். கூட்டிச் சொல்லும் பழக்கம் இல்லாதவர். ஒரு கிலோமீற்றர் போனதும் கண்ணாடி அடியிலிருந்து மங்கத் தொடங்கியது. காக்கா ஹீட்டர் கைப்பிடியை இழுத்தார். போதவில்லை. பலமாக இழுத்தார். கேபிள் அறுந்து கைப்பிடி கையோடு வந்தது. என் ஸ்பிரிங் தன் கடமையைச் செய்தது. கண்ணாடி துலங்கியது, மாப்பிள்ளையின் காலடியில் அடுப்பு எரிந்தது. யன்னலைத் திறந்தால் மழை. மேலே கோட், கழுத்தில் டை. முதல் நாளே மாமனாரிடம் குறை சொல்லலாமா? இருபக்கமும் வயல் முடியும் வரை பொறுத்திருக்கிறார். தாம்போதி என்ற தரைப்பாலத்துக்கு ஏறும்போதுதான் வாய் திறந்தார்.

“மாமா, கால் வேகுது.”

“சுகமா இரிக்கா மகன்?” என்றார் காக்கா.

தாம்போதியின் இருபுறமும் தண்ணீர். அங்கே நிறுத்த முடியாது. கடந்த பிறகு நிறுத்தினார். எங்கள் வேனும் போடியாரின் வேனும் பின்னால் நின்றன. நான் பையோடு ஓடினேன். மாப்பிள்ளையின் முகம் அவித்த இறால் நிறத்தில் இருந்தது. காரின் அடியில் படுத்து ஹீட்டர் கதவைக் கம்பியால் கட்டலாம். ஆனால் குழாய் ஆற அரை மணி நேரம் வேண்டும், அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். போடியார் வேன் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

“வேனில இடம் இரிக்கி, காக்கா.”

காக்கா மழையில் கம்பளிச் சட்டை தொங்க, அறுந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மருமகனைக் குளிர வைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். போய் முன்மூடியைத் திறந்தார். உள்ளே சாக்கில் சுற்றிய ஒரு பெரிய ஐஸ் கட்டி.

“இது எப்ப ஏத்தின காக்கா?” என்று கேட்டேன்.

“எப்பவும் ஏத்துறதானே. அரைக் கட்டி அங்க குடுத்த, இது சர்பத்துக்கு. வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போறதா?”

கண்ணாடிக்கு நேர் கீழே ஐஸ். குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பது போலக் கண்ணாடி இத்தனை வருடமாக வியர்த்திருக்கிறது. யாருடைய வீட்டுக்காவது போகும்போது மங்கும். பெக்டரிக்கு வரும்போது மங்காது. அவர் சரியாகத்தான் சொன்னார், நான் இரண்டு கோடு போட்டு எழுதினேன்.

அதை விளக்க அது நேரமில்லை. ஐஸைத் தூக்கி உள்ளே மாப்பிள்ளையின் காலடியில் வைக்கச் சொன்னேன். போடியாரிடம், “கண்ணாடி தெளிவாத்தானே இரிக்கி மாமா, நீங்க சொன்னது அதுதானே” என்றேன். அவர் பார்த்தார். யன்னலை ஏற்றிக்கொண்டார். மாப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றி இரண்டு காலையும் ஐஸ் மேல் வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

கலியாண வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது மழைக் குளிரில் கோட்டிலிருந்து ஆவி எழுந்தது. ராத்தா ஒரு பார்வை பார்த்தார். “மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொன்னா, அவிச்சிக் கொண்டு வந்திரிக்கார்” என்றார். வாசல் முழுவதும் சிரித்தது. மேல்மாடி யன்னலில் நின்ற ஷிபானா மட்டும் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லையாம், ஆவியையும் பார்க்கவில்லையாம். கார் வீதியில் திரும்பியதுமே பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள்: “வாப்பாட தல உள்ளுக்கத்தான் இரிக்கி.”

அடுத்த கிழமை காக்காவிடம் உண்மையைச் சொன்னேன். முன்னால் ஐஸ் வைக்காவிட்டால் கண்ணாடி அவ்வளவு மங்காது. ஹீட்டர் தேவையே இல்லை. அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு யோசித்தார்.

“அப்ப ஐஸ எங்க வைக்கிற?”

பின்னால் எஞ்சின். உள்ளே இரண்டு சீட், அதில் ஒன்றில் இப்போது ராத்தா. வெறுங்கையோடு போக அவருக்குத் தெரியாது. எவ்வளவு கணக்குப் போட்டும் எனக்கு ஒரு விடைதான் வந்தது: அந்தக் காருக்கு ஹீட்டர் வேண்டும்.

இப்போதைய நிலைமை: ஐஸ் முன்னால், ஹீட்டர் வேலை செய்கிறது, கேபிள் புதியது. மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், யாரும் கேட்காமலே, போய் அந்தக் கேபிளை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.