ஈரக் குல்லாவோடு வீடு தேடியவன்

நனைத்த குரங்குக் குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாடகைக்கு வீடு தேடிய ஆள் இந்த உலகத்திலேயே எங்கள் பாய்லர் ஒருத்தன்தான். இன்னொருத்தன் உண்டு என்றால் மலைமேல் அரவேணுவுக்குக் கூட்டி வாருங்கள், டீயும் வர்க்கியும் என் செலவு.

அரவேணுப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலை அவனுக்கு. அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டோடு சரி. பல் கிட்டுகிற குளிரில் நாங்கள் நடுங்கும்போது இவன் பனியனோடு நெருப்புக்கு முன்னால் நின்று, "எனக்கு ஒடம்புல ஓடறதே சுடுதண்ணிடா" என்பான்.

நான் யார் என்றால், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரியில் மூட்டை ஏற்றிப் பிழைத்து, இன்றைக்குச் சொந்த வண்டிகள் ஓட்டுகிறேன். மலையிலிருந்து கோயமுத்தூருக்குக் குடி போகிறவர்களின் கட்டிலும் பீரோவும் என் வண்டியில்தான் இறங்கும். அந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து ஒன்று வேண்டுமென்றால் இனிமேல்தான் வெட்டவேண்டும்.

பாய்லரின் வீட்டுக்காரி சரோஜாவுக்கு இழுப்பு. எங்கள் மலையில் மழைக்காலத்தில் துவைத்த துணி அடுப்புக்கு மேலேயே தொங்கும், காயாது, நாறும். அந்த ஈரம்தான் அவள் நெஞ்சிலும். மற்றபடி திட்டுவதில் மகா கெட்டிக்காரி. "நீயெல்லாம் ஒரு மனுசனா? அடுப்புல பாலை வச்சுட்டு..." என்று ஆரம்பிப்பாள், பாதியில் மூச்சு இழுத்துக்கொள்ளும். மீதித் திட்டு வருகிறவரைக்கும் இவன் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நிற்பான். "மெதுவாத் திட்டு கண்ணு, நான் எங்கயும் போகல."

போன மழைக்கு ரொம்ப மோசமாகிவிட்டது. "இன்னொரு மழைக்காலம் இந்த ஈரத்துல இந்தம்மா தாங்காது, கீழே போயிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு பார்க்க என்னை விட்டால் யார்? நான் கோயமுத்தூரில் வடவள்ளியைச் சொன்னேன்.

"மலையடிவாரம்டா. சில்லுனு காத்து வரும்."

"அந்தக் காத்துக்குப் பயந்துதானடா எறங்கறோம்! டவுனுக்கு நடுவுல பாரு. ஆஸ்பத்திரி கூப்பிடற தூரத்துல இருக்கோணும். வெயிலு ஊட்டுக்குள்ள வரோணும்."

முதலில் ஆர்.எஸ்.புரம். மாடி வீடு, வாசலில் இரண்டு பெரிய மரம். பாய்லர் பைக்குள்ளிருந்து நனைத்த குல்லாவை எடுத்து, பிழிந்து, பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டு, அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏனுங்க, அண்ணன் என்ன பண்றாரு?" என்றார் புரோக்கர்.

"ஊடு பாக்கறாருங்க."

ஃபேக்டரியில் தேயிலையைக் கையில் அள்ளிப் பதம் பார்க்கிற மாதிரி, கொஞ்ச நேரம் கழித்துக் குல்லாவை அமுக்கிப் பார்த்தான். "ஈரம் அப்படியே நிக்குது. நிழலு. வேண்டாம்."

"அந்த நிழலுக்குத்தானுங்க இந்த ஊட்டுக்கு அடிச்சுக்கறாங்க!"

"அடிச்சுக்கறவங்களுக்கே குடுத்துடுங்க."

அடுத்து ராமநாதபுரம். நல்ல வெயில், நான் மார்தட்டிக்கொண்டேன். குல்லாவும் காய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோயிலில் மணி அடித்தது. பாய்லர் எழுந்துவிட்டான்.

"கோயிலா? அப்ப கரடி வருமே."

புரோக்கர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் விளக்கில் ஊற்றின எண்ணெயைக் குடிக்கக் கரடி கோயில் கதவை உடைத்துக்கொண்டு போகும் என்பதை நான்தான் விளக்கிச் சொன்னேன். "இங்க கொசு மட்டும்தானுங்க வரும்" என்று அந்த மனுசன் சத்தியம் செய்தும் இவன் படி இறங்கிவிட்டான்.

கடைசியில் டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு வீடு. மூன்றாம் மாடி, தலைக்கு மேல் மொட்டைமாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனுசர். "சித்திரையில ஈரத்துண்டைப் போத்திக்கிட்டுத்தான் படுக்கோணும். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாதுங்க" என்றார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் குல்லா விறைத்துக்கொண்டது.

"அப்பளம்டா! அப்பளம்!" என்று கத்தினான் பாய்லர்.

"டேய், வெந்து போயிடுவே."

"யாரு, நானா? என் பேரு என்ன?"

என் வண்டியில்தான் சாமான் இறங்கியது. சித்திரையில் ஒரு மத்தியானம் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். இரண்டாம் மாடிப் படியில், தலையில் ஈரத்துண்டும் உடம்பில் சொட்டுகிற பனியனுமாக, அவிந்த கிழங்கு போல உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, சுடுதண்ணி ஓடற ஒடம்புக்கு என்ன ஆச்சு?"

"பாய்லர்கிட்ட நிக்கறது வேலை நேரத்துக்குத்தாண்டா. வேலை முடிஞ்சு கதவைத் திறந்தா மூஞ்சில பனி அடிக்கும் பாரு... அதுக்காகத்தான் அத்தனை வருசம் அங்க நின்னேன்."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "கீழ் மாடியில நிழலா ஒண்ணு பாத்துத் தரட்டுமா?"

"சும்மா இரு. கேளு."

மேலேயிருந்து சரோஜாவின் குரல். "படியில போயி உக்காந்துட்டா வேலை தானா முடிஞ்சுருமா? தண்ணி புடிக்கச் சொன்னேனே, புடிச்சியா? குடத்தை எங்க வச்சே? கேக்கறது காதுல விழுதா இல்லியா? மலையிலயும் இப்படித்தான், இங்கயும் இப்படித்தான், உன்னையெல்லாம்..." ஒரு திட்டு முதலிலிருந்து கடைசிவரைக்கும் முழுசாக வந்து முடிந்தது. இழுப்பின் கீச்சென்ற சத்தம் எங்கேயும் இல்லை. பாய்லர் வேர்வையைக்கூடத் துடைக்காமல், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது அந்தக் குல்லாவை என் கையில் திணித்தான். "இதுக்கு இங்க வேலையில்ல. நீ வச்சுக்க."

இந்த மழைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். என் தலைக்குச் சின்னது, காது பாதிதான் மூடும். மகன் புதுசு வாங்கித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். பாய்லர் இறங்கிப் போனதிலிருந்து அரவேணுவில் குளிர் கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது.