வெள்ளைச் சுவரும் ஆறு பிள்ளைகளும்

அடையாள அட்டைக்கு எடுக்கும் படத்தில் பின்சுவர் தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது விதி. அட்டை அலுவலகமோ விதியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அலுவலகம். ஆனால் அங்கே எடுத்த படங்களில் சுவர் சாம்பலாகவும் முகம் கரியாகவும் விழுந்தது. கூட்டம் போட்டு ஆராய்ந்ததில், சுவரின் வெண்மை போதவில்லை என்று முடிவாயிற்று. சுண்ணாம்பு அடித்தார்கள். முகம் இன்னும் கறுத்தது. மறுபடி அடித்து, சுவருக்கென்றே நான்கு விளக்குப் போட்டார்கள். முகம் காணாமலே போயிற்று.

அந்தச் சுவருக்கு முன்னால்தான் எட்டு மாதப் பையனை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். பையனுக்கு இதயத்தில் ஓட்டை. வியாழக்கிழமை ஆபரேஷன். அட்டை இல்லாத பிள்ளையை மருத்துவமனை சேர்த்துக்கொள்ளாது.

கல்யாணத்துக்கு முன்பு ஸ்டுடியோவில் படம் எடுக்கும் வேலை பார்த்தவள் அவள். திரையில் தெரிந்த கரிக்கட்டையைப் பார்த்ததுமே கோளாறு புரிந்துவிட்டது.

"சார், கேமராவுக்கு அது வெள்ளைச் சுவர்னு தெரியாது. வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு தானாவே குறைச்சுக்குது. சுவர் வெளுக்க வெளுக்க முகம் இருண்டுதான் போகும். அந்த பிளஸ் பட்டனை ரெண்டு தட்டு தட்டினா போதும்."

அந்தப் பட்டனின் மேல் டேப் ஒட்டி முத்திரை குத்தியிருந்தது. அலுவலகச் சொத்தின் அமைப்பை மாற்றுவது தண்டனைக்குரியது என்று அதிகாரி விளக்கினார். பிறகு பரிவோடு குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க பிள்ளை கொஞ்சம் கறுப்பும்மா. கேமராவைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

வாசலில் அலுவலக அங்கீகாரம் பெற்ற பவுடர் கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் நகத்தால் டேப்பைக் கிளப்பிப் பட்டனை இரண்டு தட்டு தட்டினாள். கேமராவுக்குப் பின்னால் இருந்த ஆபரேட்டரம்மா ஜன்னலைப் பார்த்தபடியே படம் எடுத்துக் கொடுத்தாள். சுவர் வெள்ளையாக வந்தது. பையனின் கன்னக்குழி கூடத் தெரிந்தது.

புதன்கிழமை மருத்துவமனை எழுத்தர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போலி."

"என் பிள்ளைதான் சார். முகத்தைப் பாருங்களேன்."

"அதாம்மா சந்தேகம். முகம் தெரியுதே. அந்த ஆபீஸ் கார்டுல இதுவரைக்கும் நான் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை."

பையனின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாதாட நேரமில்லை. ஓட்டமாகத் திரும்பிப் போனாள். ஆபரேட்டரம்மா மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொள்ள, அவளே பட்டனைப் பழையபடி வைத்து, டேப்பையும் அழுத்தி ஒட்டினாள். படம் கரியாக விழுந்தது. இப்போதுதான் பிள்ளை லட்சணமாக இருக்கிறான் என்று அதிகாரி கையெழுத்திட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினைந்தாம் நாள் ஆறு பிள்ளைகளுக்கு டிஸ்சார்ஜ். அட்டையோடு ஒத்துப்போகும் பிள்ளையைத்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. எழுத்தர் அவளுடைய அட்டையை முதல் கட்டிலில் இருந்த பிள்ளையின் முகத்தருகே பிடித்தார். ஒத்துப்போயிற்று.

"அது என்னுது இல்ல சார். மூணாவது கட்டில்ல கை நீட்டறானே, அவன்தான்."

மூன்றாவதிலும் பிடித்தார். ஒத்துப்போயிற்று. கடமை தவறாத மனிதர். மிச்சக் கட்டில்களையும் விடவில்லை.

"ஆறும் உங்களுதுதான். கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க."

வாதாடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது கட்டில் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு ஆறுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

பின்னால் ஐந்து அம்மாக்கள் ஐந்து கறுப்பு அட்டைகளோடு வரிசை கலையாமல் நின்றார்கள். எழுத்தர் பேரேட்டை மூடினார்.

"பிள்ளை தீர்ந்துபோச்சு. மத்தவங்க நாளைக்கு வாங்க."

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் திரும்பி நடந்தே விட்டார்கள்.