வாட்டர் சர்வீஸ் மாப்பிள்ளையும் இரண்டாம் ஓலையும்

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் தானியேலுக்கு அத்தான் ஜாஸ்பர் எழுதுவது. முக்கூடலில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பிள்ளைகளுக்காக மனப்பூர்வமாகவும், உனக்காக வழக்கப்படியும்.

என் மகள் ரீபாவுக்கு நீ பார்த்த மாப்பிள்ளை ஹெப்ரானின் கடையைச் சனிக்கிழமை சீவலப்பேரி ரோட்டில் போய்ப் பார்த்தேன். ‘ஹெப்ரான் வாட்டர் சர்வீஸ்’ என்று என் உயரத்துக்கு ஒரு போர்டு. பைக்குக்குத் தண்ணீர் அடித்துக் கழுவுவதற்குப் பெயர் சர்வீஸாம்! என் தாத்தா காலத்தில் சர்வீஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. குளிக்காமல் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். அப்பா காலத்தில் அது சர்க்கார் உத்தியோகம் ஆனது. பையன் சர்வீஸில் இருக்கிறான் என்றால் பெண் வீட்டார் காப்பியை மறுபடி சூடாக்கிக் கொண்டுவருவார்கள். பிறகு டவுன் பஸ்காரன் அதைப் பிடுங்கினான், அப்புறம் ஓட்டல்காரன், அப்புறம் மிக்ஸி ரிப்பேர்காரன். ரிட்டயர் ஆகும்வரை ஆபீஸில் நான் போட்ட சர்வீஸும் இந்தப் பயல் சோப்பு நுரையில் போடுகிற சர்வீஸும் ஒன்றா? முறைத்துக்கொண்டு நின்றால், "மாமா, வண்டிய விட்டுட்டுப் போங்க, பளபளன்னு ஆக்கித் தாரேன்" என்கிறான்!

நான் சம்மதம் சொல்லவே இல்லை. நான் வெளியூர் போன வாரம் பார்த்து, நீயும் உன் அக்காள் சாரம்மாளும் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்கிற கல்யாண ஓலையில் முதல் ஓலையை வாசிக்க வைத்துவிட்டீர்கள். திருட்டுத்தனம்! நேற்று இரண்டாம் ஓலை. இரண்டு பேர் பெயரையும் வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை சொல்பவர்கள் உண்டா என்று போதகர் கேட்டார். எழுந்துவிட்டேன். தொண்டையைச் செருமினேன். முன் பெஞ்சில் நான் எழுந்தால் பின்னால் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவது எங்கள் சபையின் வழக்கம் என்பது மறந்துபோயிற்று. எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதற்கு அவர்களுக்கு என் முதுகுதான் அடையாளம். மொத்தச் சபையும் தடதடவென்று எழுந்தது. போதகர் கண்கலங்கி, "தகப்பனாரோட சேந்து சபையே எந்திரிச்சு வாழ்த்துது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். ஆர்கன் வாசிக்கிற எபனேசர் உடனே பாட்டை எடுத்துவிட்டான். பாட்டுக்கு நடுவே ஆட்சேபணை சொல்ல முடியுமா? நானும் பாடித் தொலைத்தேன். வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, ஒமக்குப் பெரிய மனசு வே" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகவே மூன்றாம் ஓலைக்குள் நீ வந்து இந்தச் சம்பந்தத்தை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். உன் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, கூடவே கொஞ்சம் புத்தியும் தருவாராக.

உன் அத்தான்,
ஜாஸ்பர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ரீபா வந்தாள். நான் எதற்கு எழுந்தேன் என்று அவளுக்கும் தெரியவில்லை. "ஒங்களுக்குப் பிடிக்கலன்னு இத்தன நாளும் பயந்துக்கிட்டே இருந்தேம்ப்பா. எனக்காவ மொத ஆளா எந்திரிச்சு நின்னியளே" என்று தோளில் சாய்ந்து அழுதாள். உண்மையைச் சொல்லாமல் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். மேலே எழுதியதை விட்டுவிடு. மூன்றாம் ஓலைக்கு நீயும் வந்து என் பக்கத்தில் நில். அன்றைக்கும் நான்தான் முதலில் எழுந்திருப்பேன்.