நாலு படி ஏறிய மனிதர்

இந்த ஞாயிறு மதியம் தூங்கியே தீருவது என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஆறு நாளும் பிறர் எழுதியதைப் படித்துப் படித்து, ஏழாம் நாள் இரண்டு கண்ணும் வேலைநிறுத்தம் செய்துவிடும். பாவம், மனிதர் வேறென்ன கேட்டார்? இரண்டு மணி நேரத் தூக்கம். அதற்கும் மூன்று வாரமாகக் குறுக்கே நின்றது பரண். "இன்னைக்காவது ஒழிச்சுக் குடுங்க" என்பாள் மனைவி.

இந்த வாரம் திருத்த வந்தது ஒரு மனோதத்துவப் புத்தகம். மனிதனின் தேவைகள் ஐந்து படியாம். அடியில் சோறு, தூக்கம். அப்புறம் பாதுகாப்பு. அதற்கு மேல் பாசம், அதற்கும் மேல் மரியாதை. உச்சியில், தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்க்கிற நிறைவு. ஒருவரை மெச்சி மேலே ஏற்றிவிட்டால், வேலையை அவரே தேடிப் போய்ச் செய்வாராம். இதைப் படித்ததும் நம்மவருக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. மெச்சிவிட்டால் போயிற்று!

ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தார்.

"ஏம்மா, பரண் அடுக்குறதுல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"ஏங்க, உடம்புக்கு என்ன?"

"நிஜமாத்தான் சொல்றேன். புத்தகத்துலயே இருக்கு." ஐந்து படியையும் விளக்கினார்.

"ஓகோ. மூணுலேர்ந்து நேரா அஞ்சுக்குத் தாவிடலாம், இல்ல?"

"தப்பு!" தொழில் தோஷம், விரல் காற்றிலேயே பிழையைச் சுழித்தது. "ஒண்ணு நிறைஞ்சாத்தான் அடுத்தது."

"சரி, நீங்க எந்தப் படி? சோறு ஆச்சா?"

"ஆச்சு. ஆனா தூக்கம்..."

"நேத்து விட்ட குறட்டைக்குப் பக்கத்து வீட்டக்கா காலையில வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க."

"...ஆச்சு."

"பாதுகாப்பு? தினமும் தாழ்ப்பாள் நான்தான் போடறேன். பாசம்?"

"குறையே இல்ல" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

"மரியாதை? இந்த வீட்டுல உங்களுக்கு மரியாதை இல்லைன்னு ஒருத்தர் சொல்லட்டும்!"

"யார் சொல்லுவா?" மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நாலும் ஏறியாச்சு. அஞ்சாவது என்ன சொன்னீங்க?"

"தன்னால ஆனதையெல்லாம் செஞ்சு..."

எந்த வரியில் பிழை என்று தேடிப் பார்த்தார். பிழையே இல்லை. அதுதான் வேதனை.

மனைவி ஏணியைக் கொண்டுவந்து பரணுக்கடியில் சாத்தினாள்.

"ஏறுங்க. அஞ்சாவது படியில நின்னா நல்லா எட்டும்."

"அப்ப நீ?" என்றார் ஈனசுரத்தில்.

"விடியறதுக்கு முன்னால எழுந்தவ நான். இன்னும் முதல் படியே ஏறலைங்க" என்று சொல்லி, அவர் தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.