தாளில் இல்லாத தொந்தரவு

போன் வருவதற்குள் தையற்காரிக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வேண்டியிருந்தது.

தலைவலி ஆயிற்று. வறட்டு இருமல் ஆயிற்று. கணுக்கால் வீக்கம் போன வாரம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை மெஷின் மேல் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இந்த மாத்திரையால் என்னென்ன வரலாம் என்று பொடி எழுத்தில் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். ஊசி முனையால் ஒரு வரியைத் தொட்டாள். நாக்கில் ருசி தெரியாமை. பரவாயில்லை, கௌரவமான தொந்தரவு.

போன் அடித்தது. உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் அடிக்க விட்டாள்.

"வணக்கம்மா. மருந்து கம்பெனியிலேருந்து பேசறேன். கணுக்கால் வீக்கம் எப்படி இருக்கு?"

"வத்திடுச்சு சார்."

"ரொம்ப சந்தோஷம். அப்போ உங்க கேஸை முடிச்சிடலாமா?"

"நாக்குல ருசி தெரியல சார்."

"அடடா. இனிப்பு தெரியலையா, உப்பா?"

இதை அவள் யோசித்து வைக்கவில்லை.

"அவசரமில்லம்மா. மெதுவா சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனையும்.

முதலில், பிரஷர் ஏறும் எல்லையில் இருக்கிறது என்று சொல்லி டாக்டர் இந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார். அட்டையில் காலாவதி தேதி அழிந்திருந்தது. பெட்டியின் பின்னால் இருந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தக் குரல் தேதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. "ராத்திரி நல்லா தூங்கறீங்களாம்மா?" என்று கேட்டது.

அவளுடைய புருஷன் இருந்தவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கவேண்டிய நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மகன் வெளியூரிலிருந்து வாரம் ஒரு தடவை பேசுவான். "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் "சரி வச்சிடறேன்" என்பான்.

"தலை வலிக்குது சார்," என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாத்திரையால் ஒருவருக்குத் தொந்தரவு என்றால், குணமாகும்வரை கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. குணமானால் கூப்பிட மாட்டார்கள். எனவே தையற்காரி குணமாகாமல் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் கேட்டாள். "சார், நீங்க வெள்ளைக் கோட்டு போடுவீங்களா?"

"எங்க பிரிவுல கோட்டு கிடையாதும்மா. ஏன்?"

"சும்மாதான்."

அந்தக் கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்குக் கோட்டு தைப்பவள் அவள்தான். அதன் பிறகு கோட்டுகளின் தோள்களை அளக்கும்போது அந்தக் குரலுக்கு உரிய ஆளை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்தாள். "நல்லா இறங்கியிருக்கே! மாத்திரை உங்களுக்கு அருமையா கேக்குது. விட்டுடாதீங்க."

"விடமாட்டேன்," என்றாள் தையற்காரி.

அடுத்த வாரம் தாள் தீர்ந்துபோயிற்று. மிச்சமிருந்த தொந்தரவுகள் ஆண்களுக்கு உரியவை.

யாருக்கும் கெடுதல் இல்லாததாக ஒன்றைச் சொந்தமாகவே தயாரித்தாள்.

"இடது காதுக்குள்ள தையல் மெஷின் ஓடற மாதிரி சத்தம் கேக்குது சார்."

"மெஷின் ஓடாதப்பவா?"

"ஓடாதப்பதான்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "தாள்ல இது இல்லையேம்மா."

"இல்லதான் சார்," என்றாள் பெருமையாக.

"தாள்ல இருக்கறதுன்னா எங்களுக்குப் பழகினது. புதுசா ஒண்ணு வந்தா மேல சொல்லியாகணும்மா."

"மேலன்னா?"

"மேலதான்."

நான்கைந்து நாளில் நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, கூத்தைக் கேட்டீங்களா? ஆஸ்பத்திரியில என் பிரஷர் மாத்திரை இல்லையாம்! கம்பெனி சரக்கையே நிறுத்தி வச்சிருக்காம்."

"ஏனாம்?"

"எவளுக்கோ காதுக்குள்ள மெஷின் ஓடுதாம்!"

தையற்காரியின் கால் மிதிக்கட்டையில் நின்றுவிட்டது.

"ஓசியா வாங்கிட்டிருந்தவங்க எல்லாரும் வெறுங்கையோட திரும்பிப் போறாங்க. வெளியில யானை விலை சொல்றான். எனக்கு இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. அவ மட்டும் என் கையில சிக்கட்டும், அந்தக் காதையே திருகி எடுத்துடறேன்!"

தையற்காரி முடியை இழுத்து இடது காதின் மேல் விட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் பேக்கிங் சூப்பர்வைசர் போனில் பேசினாள். "அக்கா, கோட்டு தைக்கறதை நிறுத்தி வைங்க. லைனே ஓடல. பொண்ணுங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியாச்சு."

பாதி தைத்த கோட்டுக் கைகள் மேஜை மேல் கிடந்தன. தையற்காரி அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே கம்பெனிக்குப் போன் செய்தாள். இதோடு அந்தக் குரல் முடிந்தது என்று தெரிந்துதான் செய்தாள்.

"சார், காது சரியாயிடுச்சு. கேஸை முடிச்சிடுங்க."

"அப்படியா! எப்படிம்மா சரியாச்சு?"

அவர் நம்பும்படி ஏதாவது சொல்ல வேண்டும். "மாத்திரையை நிறுத்தினேன். சத்தமும் நின்னுடுச்சு."

"ஐயையோ."

"என்ன சார்?"

"நிறுத்தினதும் நின்னுடுச்சுன்னா, மாத்திரைதான் காரணம்னு ஆயிடுதேம்மா."

"இல்ல சார், மறுபடியும்..."

"மறுபடி சாப்பிட்டதும் வந்துடுச்சா?"

"ஐயோ, அப்படி எழுதிடாதீங்க சார்!"

"அவசரமில்லம்மா. மெதுவா சொல்லுங்க."

அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளைச் சுட்டது.

"நாளைக்குக் கம்பெனி டாக்டர் வீட்டுக்கு வருவாங்கம்மா. மிச்சமிருக்கற மாத்திரையை வாங்கிட்டுப் போய்ச் சோதிக்கணும்."

"நீங்களும் வருவீங்களா சார்?"

"நான் போன்தாம்மா."

இருந்தாலும் மறுநாள் காலையில் இரண்டு தடவை தலை சீவினாள். நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் திணித்தாள். வாசலில் கார் நின்றது. டாக்டரம்மா இறங்கினாள். பின்னாலேயே டிரைவர் ஒரு பெட்டியோடு வந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று தையற்காரி எட்டிப் பார்த்தாள். டிரைவர் கார்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை மாத்திரை மிச்சமிருக்கும்மா?" என்றாள் டாக்டரம்மா.

தையற்காரி உள்ளே போய் அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குழிகூட உடைக்கப்படவில்லை.

"நான் ஒண்ணைக்கூட முழுங்கல டாக்டர். தாளைப் படிச்சதும் பயமாயிடுச்சு. தலைவலி பொய். இருமல் பொய். காதும் பொய். மாத்திரை மேல ஒரு குத்தமும் இல்ல. அது இல்லாம எங்க நாத்தனார் கஷ்டப்படறா. அந்தப் பொண்ணுங்க வேலையில்லாம உட்கார்ந்திருக்காங்க. என்னைப் போலீஸ்ல வேணும்னாலும் குடுங்க. தயவுபண்ணி சரக்கை விட்டுடுங்க."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தால், அவள் களைப்பாகக் கண்ணைத்தான் தேய்த்துக்கொண்டாள்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

தையற்காரி சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா தூங்கறீங்களான்னு கேட்டாரு." குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டாள். "அந்த சார் மேல தப்பு எதுவும் இல்ல. அவரை வேலையை விட்டு எடுத்துடாதீங்க டாக்டர்."

டாக்டரம்மா அட்டையை டிரைவரிடம் நீட்டினாள். அவர் பெட்டியைத் திறந்து அதை உள்ளே வைத்தார்.

"இதோட ஆறு வீடு டாக்டரம்மா," என்றார் டிரைவர். "ஒரு வீட்லயும் அட்டையைப் பிரிக்கல, எல்லாரும் அந்த சாரை வேலையை விட்டு எடுத்துடாதீங்கன்னுதான் சொல்றாங்க."