ஆபத்தான மரங்களின் எதிரி

மலைநாட்டை மரங்களின் கொடுமையிலிருந்து மீட்க அவதரித்தவர் எங்கள் பிரதேச சபை உறுப்பினர், மாண்புமிகு சின்னராசா அவர்கள். நான் அவரது இணைப்புச் செயலாளர். ஆகவே நான் சொல்வது உண்மை.

டயகமப் பக்கம் மரக்காலை மட்டும் நடத்திய காலத்தில் அவர் மரத்தை அறுத்தார். தேர்தலில் வென்று மேடையேறிய பிறகு எங்களையும் அறுத்தார். சபையில் ‘அனர்த்தத் தடுப்புக் குழு’வின் தலைமை அவருக்குக் கிடைத்தது. முதல் கூட்டத்திலேயே முழங்கினார்:

“லயத்து சனத்தோட உசிருக்கு ஆபத்தான மரம் ஒண்ணுகூட நிக்கக் கூடாது!”

மறுவாரமே நாற்பத்தொரு யூக்கலிப்டஸ் மரங்கள் ‘ஆபத்தானவை’ என்று கண்டறியப்பட்டன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அரை மைல் தள்ளித்தான் நின்றன. ஆனாலும், நேராக, உருண்டு திரண்டு, பலகைக்கு வாகாக வளர்ந்திருந்த அவற்றின் உள்நோக்கம் தலைவருக்குத் தெரியாதா? அனுமதிக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். வெட்டிய மரங்களை லொறிகள் அவரது மரக்காலையிலேயே இறக்கின. ஊருக்கு வந்த ஆபத்தைத் தன் முற்றத்தில் வாங்கிக்கொண்டார். தியாகம்!

தேயிலைக் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி மட்டும் அவரை வழிமறித்தாள். அவளுடைய லயக் காம்பராவின் தகரக் கூரையின் மேல் கிழட்டு வாகை ஒன்று சாய்ந்து நின்றது.

“மெம்பரு ஐயா, இத வெட்டிக் குடுங்க. காத்தடிச்சா முனகுது. எங்க வீட்டுக்காரரு வேற காச்சல்ல படுத்திருக்காரு.”

தலைவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். பொத்தென்றது.

“உள்ளுக்கு உளுத்துப் போச்சு தங்கச்சி. ஒரு பலகைகூடத் தேறாது.”

“விழுந்துருமே ஐயா!”

“குழுவில பேசுவோம்.”

பேசினோம். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். வடை நன்றாயிருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முந்திய நாள் பகலில் மரம் விழுந்தது. நாகலெட்சுமி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருந்த அவள் கணவர் சிவசாமியை மரத்துக்கு அடியிலிருந்து எடுத்தபோது உயிர் இல்லை.

தலைவர் உடனே ஓடினார், கமராக்காரரும் ஓடினார். இழவு வீட்டு வாசலில் நின்று தலைவர் கண்கலங்கினார்.

“இது இயற்கை அனர்த்தம். காத்துதான் காரணம். காத்த நாம என்ன செய்ய முடியும்?”

நாகலெட்சுமி அழுகையை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“காத்து எங்க வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வரலைங்க ஐயா. நீங்கதான் வந்தீங்க.”

குழுவின் விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். காரணம்: காற்று.