ஏசி திருத்திய செலவு

ஏசி திருத்த வந்த ஹலீமின் சைக்கிள் தெரு முடக்கில் திரும்பியிருக்காது, ஏசி பழையபடி குணத்தைக் காட்டிவிட்டது. அமிர்தநாயகம் கட்டிலில் ஏறி நின்று அதன் முகத்தோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். ஹலீம் நின்ற நேரம் பல்லுக் கிட்டும்படி வந்த காற்று, இப்போது அடுப்படியிலிருந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தது.

"பெற்றிசியா, இஞ்ச வந்து பாரும். திருத்தினவன் வீடு போய்ச் சேரேல்ல, இது திரும்பப் படுத்திட்டுது."

பெற்றிசியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தானும் கையை நீட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். மெசினுக்கும் ஆள் நின்றால்தான் பயம்போல என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மாரி அது. சண்டை ஓய்ந்திருந்தது. மன்னார் தெருக்களில் கழுதைகளுக்குச் சமமாக வெள்ளை ஜீப்புகள் திரிந்தன. ஜீப்பில் வந்த வெள்ளைக்காரர்களெல்லாம் வாடகைக்கு அறை தேடினார்கள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற அமிர்தநாயகத்துக்குப் பள்ளிமுனையில் ஒரு கல்வீடும், அதில் சும்மா கிடந்த ஒரு பின்னறையும் இருந்தன. நாடு திரும்பிய ஓர் அதிகாரி பழைய ஏசி ஒன்றை விற்கிறாராம் என்று கேள்விப்பட்டதும் மனிதருக்குக் கை துருதுருத்தது. பெற்றிசியாவின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அதை வாங்கிவிட்டார். அடகுத் துண்டை அவள் கையில் கொடுத்து, வாடகை வந்த கையோடு சங்கிலியை மீட்டுத் தருவேன் என்று அந்தோனியார் படத்துக்கு முன்னால் நின்று சத்தியமும் பண்ணினார்.

ஏசி வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வாங்குகிற விலை வெறும் அச்சாரம்தான். மிச்சத்தைத் திருத்துகிறவன் தவணை தவணையாக வந்து வாங்கிக்கொள்வான். அமிர்தநாயகத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கப் போவதில்லை.

கண்ணிவெடி எடுக்கும் நிறுவனமொன்றின் எஞ்சினியர் ஞாயிற்றுக்கிழமை அறை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அறை குளிராக இருக்கவேண்டும், வேறொன்றும் வேண்டாமாம். அடுத்த கிழமை பெற்றிசியாவின் தங்கை மகளுக்குக் கலியாணம். வெறுங்கழுத்தோடு அவள் அந்தச் சபையில் நிற்பதை நினைத்தாலே அமிர்தநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்ப்பார், முகத்துக்குக் கீழே பார்க்கமாட்டார்.

பூட்டிய கொஞ்ச நாளிலேயே ஏசி குளிரை நிறுத்திக்கொண்டது. புத்தளத்திலிருந்து திரும்பிவந்து பசாரில் ரேடியோ திருத்தும் கடை போட்டிருந்த ஹலீம்தான் முதல் வைத்தியர். வந்தவன் ஏசியைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான்.

"ஐயா, கேஸ் முடிஞ்சு போச்சு. அடிக்க வேணும்."

அவன் கேஸ் அடித்தான். வேலைக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. நண்டுக் கறிக்குக் கறிவேப்பிலை வாங்கி வருவதாகச் சொல்லிப் பெற்றிசியா பின்வளவு மார்த்தா வீட்டுக்கு ஓடினாள். அவள் திரும்பி வரவும் அறை சில்லென்று குளிரவும் சரியாக இருந்தது. ஹலீம் தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான்.

கிணற்றடியில் சொந்தக் கறிவேப்பிலை மரம் ஒன்று தளதளவென்று நின்றதை அமிர்தநாயகம் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. கச்சேரியில் இருந்த காலந்தொட்டு அவர் மற்றப் பகுதி வேலைகளில் தலையிடுவதில்லை.

மார்த்தா கருவாட்டு வியாபாரி. ஏசியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது அவளுடைய வளவுக்குள்தான். முருங்கைக் கொப்பு ஒன்று மதிலில் விழுந்த தகராறில் அமிர்தநாயகம் அவளோடு பேச்சை விட்டு வருடக் கணக்காகிறது. அந்த வளவில் கால் வைக்கமாட்டேன் என்று அவர் வீம்பாக இருந்தார். பெண்கள் இருவரும் அந்தச் சண்டையைக் கணக்கெடுக்கவே இல்லை.

ஹலீம் கேஸ் அடித்துவிட்டுப் போன இரவே ஏசிக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை ஊறியது. காசு கொடுத்துக் களைத்த அமிர்தநாயகம், இந்தமுறை தானே மெக்கானிக் ஆனார். முன்பக்கம் இரண்டு மரக்கட்டைகளைச் செருகி ஏசியைப் பின்னுக்குச் சரித்தார். தண்ணீர் பின்பக்கம் போனது. ஆனால் கட்டை செருகிய இடைவெளியால் அறைக்குள் ஒரு நாற்றம் வந்தது. லேசான நாற்றமல்ல, நின்று கதைக்கிற நாற்றம்.

"கேஸ் பழுதாப் போச்சு," என்று அவர் தீர்மானித்தார். "ஹலீம் பழைய கேஸை அடிச்சுப்போட்டான்."

பெற்றிசியா சாம்பிராணி போட்டாள். அறை இப்போது பெரிய வெள்ளிக்கிழமையன்று கோயிலுக்குள் மீன் சந்தை திறந்ததுபோல இருந்தது. சீ என்று போய்விட்டது அவருக்கு. ஏசியை நிறுத்தப் போனவரைப் பெற்றிசியா தடுத்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ. வள்ளத்து எஞ்சின் மாதிரித்தான் இதுவும். ஓடாமக் கிடந்தா இறுகிப் போயிடும்."

அது நியாயமாகப் பட்டது. ஏசி இரவு பகலாக ஓடியது.

ஹலீம் மறுபடியும் வந்து இன்னொருமுறை கேஸ் அடித்தான். பெற்றிசியா மறுபடியும் கறிவேப்பிலைக்குப் போனாள். அறை குளிர்ந்தது, அவன் போனதும் வெந்தது. அன்றுதான் அமிர்தநாயகம் கட்டிலில் ஏறிக் கன்னத்தை வைத்துப் பார்த்தது. இனி இவன் சரிவரமாட்டான் என்று வவுனியாவிலிருந்து ஒரு பெரிய மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த ஆள் ஏசியை ஒருமுறைதான் பார்த்தார்.

"கொம்பிரசர் போயிட்டுது," என்றார், செத்த வீட்டில் கதைக்கிற குரலில்.

அவர் கேட்ட தொகைக்கு இன்னொரு ஏசியே வாங்கலாம். ஓய்வூதியம் முழுக்கக் கொடுத்தும் போதவில்லை. அமிர்தநாயகம் கதிரையில் இருந்துவிட்டார். பெற்றிசியா உள்ளே போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து மிச்சக் காசை எடுத்துவந்து கொடுத்தாள். முட்டை விற்ற காசாம். அந்த வீட்டில் நின்றவை மூன்றே மூன்று கோழிகள். அதில் ஒன்று சேவல்.

அவருக்குக் கண் கலங்கியது. சங்கிலியையும் பறித்து, முட்டைக் காசையும் பறிக்கிறேனே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும், பெற்றிசியா."

"சும்மா இருங்கோ," என்றாள் அவள். "கறிவேப்பிலை வாங்கியண்டு வாறன்."

புதுக் கொம்பிரசரோடு அறை குளிர்ந்தது. மெக்கானிக்கின் பஸ் புறப்பட்டதும் வெந்தது. போதாக்குறைக்கு உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தமும் வரத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன எஞ்சினியர் சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றார். பெற்றிசியா கோயிலில் பூ வைக்கப் போயிருந்தாள். அமிர்தநாயகம் படபடத்தபடி, கச்சேரி ஆங்கிலத்தில் வரவேற்று, அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

எஞ்சினியர் உள்ளே இரண்டு அடி வைத்தார். வெக்கை முகத்தில் அடித்தது. மூக்கைச் சுளித்தார். பிறகு அவருடைய காதுக்கு அந்த டிக், டிக், டிக் எட்டியது. மனிதர் அப்படியே விறைத்துப்போனார். ஒரு கையை உயர்த்தி அமிர்தநாயகத்தை அசையாமல் நிற்கச் சொன்னார். கண்ணை ஏசியிலிருந்து எடுக்காமல், வைத்த அடியிலேயே அடி வைத்து, பின்பக்கமாக நடந்து, விறாந்தை தாண்டி, முற்றம் தாண்டி, படலை தாண்டி ஜீப்பில் ஏறினார். ஜீப்பும் கொஞ்சத் தூரம் பின்பக்கமாகவே போனது.

எல்லாம் முடிந்தது. வாடகை போச்சு, சங்கிலி போச்சு. அமிர்தநாயகத்துக்கு வந்த ஆத்திரத்தில் வீம்பெல்லாம் பறந்துவிட்டது. இந்தச் சனியனின் முதுகில் அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று, மதிலைச் சுற்றிக்கொண்டு மார்த்தாவின் வளவுக்குள் நுழைந்தார்.

ஏசியின் பின்பக்கம் தெரியவில்லை. அதை மூடிக்கொண்டு, கழற்றி மாட்டத் தோதாகக் கொக்கிகளில் தட்டுத் தட்டாக வலை தொங்கியது. வலை நிறையச் சூடை மீன். மாரி மழையில் ஊரெல்லாம் கருவாடு புழுத்துக்கொண்டிருக்க, இங்கே ஏசி ஊதிய சூட்டுக் காற்றில் சூடை மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தது. வலையிலிருந்து ஏசிக்குள் விழுந்திருந்த மீன் வால் ஒன்று விசிறியில் தட்டுப்பட்டு டிக், டிக் என்றது. காற்றுப் போக வழியில்லாமல் மூச்சு முட்டிக் கிடந்த ஏசிக்குத்தான் இரண்டு தரம் கேஸும் ஒரு கொம்பிரசரும்.

"மார்த்தா!" என்று கத்தினார். வருடக்கணக்கில் அவர் அவளோடு பேசிய முதல் வார்த்தை அது. "என்ர குடும்பத்தை அழிச்சுப்போட்டாய். என்ர மனிசியின்ர சங்கிலி உன்னாலதான் போச்சு."

பசாரிலிருந்து அப்போதுதான் வந்த மார்த்தா ஆறுதலாகக் குடையை மடக்கினாள். இடுப்பிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கத்தாதேங்கோ ஐயா, மெக்கானிக்மாருக்குக் குடுத்ததையும் கரண்டுக் காசையும் கழிச்சு, பெற்றிசியா அக்காவுக்குக் கருவாட்டில வந்த பங்கில, இண்டைக்குக் காலமைதான் சங்கிலியை மீட்டனான்."